உத்தியும் ஆட்டமும்: வீட்டுத் திரையின் வேடமேற்பு ஆட்டங்களையும் சண்டை ஆட்டங்களையும் தமிழில் மதிப்பிடுதல்

ஆய்வுச்சுருக்கம்

தொலைக்காட்சியோடு இணைத்து ஆடப்படும் கன்சோல் ஆட்டங்களுள் வேடமேற்பு ஆட்டம், சண்டை ஆட்டம் ஆகிய இரு வகைகளைத் தமிழில் எவ்வாறு மதிப்பிடலாம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஞா. தேவநேயப் பாவாணர் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ நூலில் கையாண்ட பகுப்பு முறை அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. ‘டிப்ஸ்’ என்று வழங்கும் உத்திக் குறிப்புகளை மதிப்புரையினின்று பிரித்துப் பார்க்க இயலாது என்பதும், சண்டை ஆட்டம் பரவிய அளவு வேடமேற்பு ஆட்டம் தமிழகத்தில் பரவாமைக்கு மொழியே முதற் காரணம் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்கள்.

திறவுச்சொற்கள்: ஆட்டத் திறனாய்வு, உத்தி, பாவாணர், சண்டை ஆட்டம், வேடமேற்பு ஆட்டம், தால்சிம், வெண்பா

முன்னுரை

‘ஆட்டம்’ என்னும் சொல் தமிழில் விளையாட்டையும் கூத்தையும் ஒருங்கே குறிக்கும். சடுகுடு ஆடுதலும் கரகம் ஆடுதலும் ஒரே வினையால் சொல்லப்படுகின்றன. கோடு கிழித்து ஆடுபவரும் வேடம் கட்டி ஆடுபவரும் நமக்கு ‘ஆடுபவர்’ தாம். கணினி ஆட்டங்களைப் பற்றி மேலை ஆய்வாளர்கள் கதை முதன்மையா, விதி முதன்மையா என்று நெடுங்காலம் வாதிட்டுள்ளனர். எஸ்பென் ஆர்செத்தின் ‘சைபர்டெக்ஸ்ட்’ (1997) அவ்வாதத்துக்கு வழிவகுத்த நூல்களுள் ஒன்று. தமிழில் அவ்வாதம் அதே வடிவில் எழ வேண்டிய தேவை இல்லை. நம் சொல்லே இரண்டையும் பிரிக்காமல் வைத்திருக்கிறது.

எனினும், வீட்டுத் திரையில் ஆடப்படும் ஆட்டங்களைப் பற்றித் தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் இரண்டு எல்லைகளில் நின்றுவிடுகின்றன. பிள்ளைகள் கெட்டுப்போவது பற்றிய அறிவுரை ஒன்று. எந்தக் கருவி என்ன விலை என்னும் வாங்குவோர் கையேடு மற்றொன்று. ஓர் ஆட்டம் நன்றாக அமைந்துள்ளதா, அமைந்திருப்பின் அந்நலம் எங்கே இருக்கிறது என்னும் வினா இரண்டிலும் எழுவதில்லை. திரைப்படத்தின் ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு அதன் ஒளியையும் வெட்டையும் பேசுவதற்குத் தமிழில் மரபு உருவாகிவிட்டது. ஆட்டத்தின் ஒரு சுற்றை எடுத்துக்கொண்டு பேசுவதற்கு உருவாகவில்லை. இதன் விளைவு சிறியதன்று. தென்காசி வட்டாரத்தில் இன்று கன்சோல் ஆடும் இளைஞர் ஆடும்போது தமிழில் கத்துகிறார். ஆட்டத்தைப் பற்றிச் சிந்தித்துச் சொல்ல நேர்ந்தால் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார். ஆங்கிலம் கைகூடாதவர் சிந்தித்ததைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்.

பாவாணரின் பகுப்பு

இன்றைய தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த சங்கரன்கோவிலில் 1902இல் பிறந்த பாவாணர், 1954இல் வெளியிட்ட ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ நூலில் ஒவ்வோர் ஆட்டையும் ஆடுவார் தொகை, ஆடு கருவி, ஆடிடம், ஆடு முறை, ஆட்டுத் தோற்றம், ஆட்டின் பயன் என்னும் தலைப்புகளின்கீழ் விளக்குகிறார். எல்லா ஆட்டுக்கும் எல்லாத் தலைப்பும் வருவதில்லை. தேவைப்பட்டது மட்டுமே வருகிறது. ஆண்பால், பெண்பால், இருபால் என்றும், பகலாட்டு, இரவாட்டு என்றும் பகுத்துக்கொள்கிறார். கணினி ஆட்டங்கள் வீடுகளில் பரவுவதற்கு முன் வகுக்கப்பட்ட இச்சட்டகம், இன்று ஆங்கில இதழ்களில் வழங்கும் ‘கிராஃபிக்ஸ், ஒலி, கதை, மதிப்பெண்’ என்னும் வாய்பாட்டைக் காட்டிலும் கூர்மையாக வேலை செய்வதை இக்கட்டுரையாளர் கண்டார். காரணம் எளிது. வாய்பாடு ஆட்டத்தைப் பொருளாகப் பார்க்கிறது. பாவாணர் அதை மனிதர் கூடிச் செய்யும் செயலாகப் பார்க்கிறார்.

மதிப்பெண் முறையின் புகழ்பெற்ற வடிவம் ஜப்பானின் ‘ஃபமிட்சு’ இதழுக்குரியது. 1986இல் தொடங்கப்பட்ட அவ்விதழில் நால்வர் தனித்தனியே பத்துக்கு மதிப்பெண் இடுவர், கூட்டுத்தொகை நாற்பது. 1998இல் ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ஆக்கரினா ஆஃப் டைம்’ முதன்முதலில் முழு நாற்பதைப் பெற்றது. அடுத்து 1999இல் பெற்றது ‘சோல்காலிபர்’ என்னும் சண்டை ஆட்டம். நாற்பதுக்கு நாற்பது என்பது ஆட்டத்தைப் பற்றி நமக்கு என்ன சொல்கிறது? வாங்கலாம் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

இதற்கு நேர்மாறான மரபு இலஞ்சிக்கு மிக அருகில், குற்றாலத்தில் இருந்தது. ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் ஒரு பாடலை நல்ல பாடல் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நகர்பவர் அல்லர். திரும்பத் திரும்பச் சொல்லிக்காட்டி, எந்தச் சொல்லில் பாடல் உயிர்கொள்கிறது என்று இடம் சுட்டுவார். இடம் சுட்டும் இப்பழக்கமே ஆட்டத் திறனாய்வுக்கு வேண்டுவது. (ரசனை முறையின் ஆபத்தும் அவரிடமே தெரிகிறது. தம் சுவைக்கு ஒவ்வாத கம்பன் பாடல்களை ஒதுக்கியதும் திருத்தியதும் பெரும் கண்டனத்துக்கு உள்ளாயின. ஆட்டத்தைப் பற்றி எழுதுபவருக்கு அந்தத் துணிவு வாய்க்காது. தமக்குப் பிடிக்காத விதியை நீக்கிவிட்டு ஆட முடியாது.)

ஆடுவார் தொகையும் ஆடிடமும்

சண்டை ஆட்டத்தில் ஆடுவார் இருவர், வேடமேற்பு ஆட்டத்தில் ஒருவர் என்று எழுதிவிடலாம். அது பெட்டியின் அட்டையில் உள்ள கணக்கு. 2000களில் தமிழகச் சிற்றூர்களில் பிளேஸ்டேஷனை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட கடைகளில் நிகழ்ந்தது வேறு. இருவர் ஆட, எட்டுப் பேர் பின்னால் நிற்பர். வென்றவர் அமர்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விடுவார். எனவே ஆடுவார் தொகை பத்து என்று கொள்வதே பொருந்தும். நின்று பார்ப்பவரும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார். தம் முறை வரும்போது இன்ன அடிக்கு இன்ன மறுப்பு என்று கணக்கிட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆடிடமும் இவ்வாறே இரண்டாகிறது. திரைக்குள் இருக்கும் களம் ஒன்று. திரைக்கு முன் இருக்கும் அறை மற்றொன்று. ‘டெக்கன் 3’ (ஆர்க்கேடில் 1997, பிளேஸ்டேஷனில் 1998) பற்றிய ஆங்கில மதிப்புரைகள் முதற்களத்தை நுணுக்கமாகப் பேசின. வீரர்கள் பக்கவாட்டில் விலகி நகரும் வசதி, அசைவின் வழுவழுப்பு ஆகியன பாராட்டப்பட்டன. இரண்டாம் களம் பேசப்படவில்லை. அறையைக் கணக்கில் எடுக்காவிட்டால் அந்த ஆட்டம் நம் ஊர்களில் ஏன் வேரூன்றியது என்பது விளங்காது. அதில் நான்கு பொத்தான்கள் உண்டு: இடக்கை, வலக்கை, இடக்கால், வலக்கால். கன்ட்ரோலரை முதன்முறை தொடும் சிறுவனுக்கும் இது அரை நிமிடத்தில் புரிந்துவிடும். எதைத் தொட்டாலும் ஏதோ ஓர் அடி விழும். தோற்றாலும் ஆடிவிட்ட நிறைவு கிட்டும். எழுந்து வரிசையின் கடைசியில் போய் நிற்பதில் வெட்கம் இல்லை.

பால்வழிப் பகுப்பு இங்கே வேறொன்றையும் காட்டுகிறது. வாடகைக் கடை முழுக்கவும் ஆண்பாற் பகுதி. இக்கட்டுரையாளர் பெண், இலஞ்சியில் வளர்ந்தவர், அத்தகைய கடைக்குள் ஒருமுறையும் சென்றதில்லை. அங்கே பேசப்பட்ட உத்திகள் அண்ணன் வழியாகவும் சித்தி மகன் வழியாகவும் வீட்டுக்கு வந்தன. வீட்டில் ஒரு கன்சோல் வந்த பின்னரே ஆட்டம் இருபாற் பகுதிக்கு நகர்ந்தது. வீட்டு ஆட்டத்தைக் கடை ஆட்டத்தின் எளிய நகல் என்று கருதும் போக்கு மேலைச் சண்டை ஆட்ட ஆர்வலரிடம் உண்டு. அக்கருத்தை இக்கட்டுரை ஏற்கவில்லை. கடைக்குள் நுழைய இயலாத பாதிப் பேருக்கு வீடே முதற்களம்.

கடையின் வலிமைக்கும் சான்று உண்டு. லாகூரைச் சேர்ந்த அர்சலான் ஆஷ் 2019 பிப்ரவரியில் ஜப்பானில் நடந்த இவோ போட்டியிலும், அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் நடந்த இவோ போட்டியிலும் ‘டெக்கன் 7’இல் முதலிடம் பெற்றார். நுழைவிசைவுச் சிக்கல்களைத் தாண்டியே அவரால் பயணம் செய்ய முடிந்தது. உலகம் அதுவரை அறியாத ஆட்டக்காரர் கூட்டம் பாகிஸ்தானின் ஆர்க்கேடுகளில் உருவாகியிருந்தது அப்போதுதான் வெளிப்பட்டது. அக்கூட்டத்தை வளர்த்தது உத்திக் கையேடு அன்று. பின்னால் நின்ற எட்டுப் பேர்.

உத்தி என்னும் சொல்

ஆங்கிலத்தில் ‘டிப்’ எனப்படுவதற்குத் தமிழில் குறிப்பு, யோசனை, துணுக்கு எனப் பல சொற்கள் முயலப்படுகின்றன. ‘உத்தி’யே தகுந்தது என்பதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது நூல் மரபு. தொல்காப்பியம் மரபியலின் இறுதியில் முப்பத்திரண்டு உத்திகளைக் கூறுகிறது. நன்னூலும் அத்தொகையைத் தொடர்கிறது. நூல் செய்பவர் பொருளைப் புலப்படுத்தக் கையாளும் வழிகள் அவை. இரண்டாவது தெரு மரபு. சடுகுடு முதலிய அணி ஆட்டங்களில் ‘உத்தி பிரித்தல்’ உண்டு. ஏறத்தாழ ஒத்த வலிமையுள்ள இருவர் சேர்ந்து சற்று விலகிச் சென்று, தமக்கு ஆளுக்கொரு மறைபெயர் வைத்துக்கொண்டு தலைவர்களிடம் வருவர். எது வேண்டும் என்று கேட்க, தலைவர் ஒரு பெயரைத் தேர்வார். எவர் கிடைத்தாலும் அணிகள் சமன்படும்.

சண்டை ஆட்டத்தின் வீரர் தேர்வுத் திரையை உத்தி பிரித்தலோடு வைத்துப் பார்த்தால் ஒரு வடிவமைப்புச் சிக்கல் துலங்கும். 1991இல் கேப்காம் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’இல் ஆடத்தக்க வீரர் எண்மர். அதன் முதல் வடிவில் இருவரும் ஒரே வீரரைத் தேர்ந்தெடுக்க முடியாது. 1992இல் வந்த ‘சாம்பியன் எடிஷன்’ அதை அனுமதித்தது. முதல் வடிவில் வலுவான வீரரை முந்தி எடுப்பவருக்குச் சாதகம் இருந்தது. யாருக்கு எவர் என்னும் சச்சரவு ஆட்டத்துக்கு முன்பே தொடங்கிவிடும். உத்தி பிரித்தலில் இச்சச்சரவு எழாது. மறைபெயருக்குப் பின்னால் இருப்பவர் யாரென்று தேர்பவருக்குத் தெரியாது. ஆட்ட வீரர்களின் சமநிலையைப் பற்றி எழுதும் தமிழ் மதிப்புரையாளருக்கு இதைவிடத் தெளிவான ஒப்புமை கிடைக்காது.

வாய்மொழி உத்திகளைத் தொகுத்துப் பார்த்தால் அவற்றுக்கும் வகைமை உண்டு என்பது தெரியும். முதல் வகை மந்திரம் போன்றது. தொண்ணூறுகளின் ‘டிவி கேம்’ கேசட்டுகளில் ‘கான்ட்ரா’ ஆடியவர்கள் ‘மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ’ என்னும் வரிசையை அறிவர். கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ 1986இல் ‘கிரேடியஸ்’ ஆட்டத்தின் வீட்டு வடிவைச் சோதிக்கத் தம் வசதிக்காக வைத்த வரிசை அது. கான்ட்ராவில் முப்பது உயிர் தரும். ஏன் தரும் என்பதற்கு ஆட்டத்துக்குள் விளக்கமில்லை. எழுத்தின் துணையின்றிக் கண்டம் கடந்து, எழுத்துப் பிசகாமல் சிறுவர் வாயில் நிலைத்த இவ்வரிசை நாட்டார் வழக்காற்றியலாரின் கவனத்துக்கு உரியது.

இரண்டாம் வகை அறிவுரை. நெல்லை வழக்கில் கேட்கலாம்: “ஏலே, எந்திக்காத. உக்காந்துகிட்டு காலுலயே அடில.” டெக்கனில் இது உண்மையிலேயே வேலை செய்யும். அடிகள் மேல், நடு, கீழ் என மூவகை. நின்று தடுப்பவர் மேலடியையும் நடுவடியையும் தாங்குவார், கீழடியைத் தாங்கார். அமர்ந்து தடுப்பவர்மீது மேலடி தலைக்கு மேல் போய்விடும், கீழடியும் தடைபடும், நடுவடி மட்டும் விழும். புதிதாக ஆடுபவர்கள் நின்றே தடுப்பதால் காலடி தொடர்ந்து விழுகிறது. ஆனால் எதிராளி நடுவடியைக் கண்டுகொண்ட நாளில் இவ்வறிவுரை செத்துவிடுகிறது. அமர்ந்திருப்பவன் அடிவாங்கிக்கொண்டே இருப்பான்.

நல்ல உத்திக் குறிப்பு தன் சாவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் அளவுகோல். ‘காலில் அடி’ என்பது வாய்ப்பாடு. ‘அவன் நின்றே தடுக்கும்வரை காலில் அடி, அவன் அமரத் தொடங்கினால் நடுவில் அடி, நடுவடிக்கு அஞ்சி அவன் எழுந்தால் மீண்டும் கால்’ என்பது உத்தி. அது ஆட்டத்தின் உள்ளமைப்பையே மூன்று தொடரில் விளக்கிவிடுகிறது. இந்நிலையில் குறிப்பும் திறனாய்வும் ஒன்றாகின்றன. பாவாணரின் ‘ஆடு முறை’ என்னும் பகுதி செய்வதும் இதுவே.

மூன்றாம் வகை கணக்கு. சண்டை ஆட்டங்கள் ஒரு நொடியை அறுபது சட்டங்களாகப் பகுக்கின்றன. ஓர் அடி புறப்பட எத்தனை சட்டம், தைக்கும் நிலையில் எத்தனை, கை திரும்ப எத்தனை என்று எண்ணப்படும். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ (2023) தன் பயிற்சிக் களத்தில் இதனை அளவுகோல்போல் திரையிலேயே காட்டுகிறது. முன்னர்ப் பலர் கூடிக் கண்டறிந்தது இப்போது எண்ணாகத் தரப்படுகிறது. இதனால் உத்தி மலிந்துவிட்டது என்று வருந்துவோர் உளர். அவ்வருத்தத்தில் பொருளில்லை. நொடியில் அறுபதில் ஒரு பங்கு என்று தெரிந்துகொள்வதற்கும் அந்தக் கணத்தில் விரல் அசைவதற்கும் இடையே மாதக் கணக்கான பயிற்சி கிடக்கிறது. 2004ஆம் ஆண்டு இவோ போட்டியில் டைகோ உமெஹாரா, உயிர்க்கோடு தீரும் தறுவாயில், ஜஸ்டின் வாங் தொடுத்த பதினைந்து உதைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு வென்றார். ஒவ்வோர் உதைக்கும் முன்தள்ளிச் சரியான நொடித்துகளில் எதிர்கொள்ள வேண்டும் என்பது அரங்கில் இருந்த பலருக்கும் தெரிந்த செய்திதான். தொல்காப்பியம் பெருமிதத்தின் நிலைக்களன்களில் கல்வியையும் தறுகண்மையையும் சேர்க்கிறது. அந்த நிகழ்வைப் பார்ப்பவருக்கு உண்டாகும் மெய்ப்பாடு உவகையைக் காட்டிலும் பெருமிதத்துக்கே அருகில் நிற்கிறது.

வேடமேற்பும் மொழித்தடையும்

வேடமேற்பு ஆட்டத்துக்குத் தென்தமிழகத்தில் ஓர் அடிநிலை இருக்கிறது. குலசேகரன்பட்டினம் தசராவுக்கு நேர்ந்துகொண்டு வேடம் கட்டுவோர் காளியாகவும் குரங்காகவும் கரடியாகவும் அரசனாகவும் ஊர் ஊராக வருவர். வேடம் கட்டினால் விரதம் உண்டு; காணிக்கை பெறும் முறை உண்டு; இன்ன வேடத்துக்கு இன்ன கட்டுப்பாடு என்பதும் உண்டு. வேடம் என்பது உடை மட்டுமன்று, ஏற்றுக்கொண்ட விதிகளின் தொகுதி என்பதை இவ்வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. திரையில் ஒரு வீரனின் பெயரையும் தொழிலையும் ஏற்று, அதன் வரம்புக்குள் நாற்பது மணி நேரம் வாழ்வது அவர்களுக்கு அயலாகத் தோன்றாது.

அப்படியிருந்தும் வேடமேற்பு ஆட்டம் நம் கடைகளில் ஓடவில்லை. ‘ஃபைனல் ஃபேன்டசி 7’ (1997) மூன்று குறுந்தட்டுகளில் வந்த பெருங்கதை. உலகெங்கும் ஒரு தலைமுறையின் உணர்வுலகை அது பாதித்தது. டெக்கன் 3 சென்ற ஊர்களுக்கு அது செல்லவில்லை. சென்ற இடங்களிலும் யாரும் முடிக்கவில்லை. மணிக்கணக்கு வாடகை ஒரு காரணம். சேமிப்பு அட்டை இன்மை மற்றொன்று. முதற் காரணம் அதன் ஆங்கிலம். சண்டை ஆட்டத்தில் படித்தறிய வேண்டுவன நான்கைந்து சொற்கள். அவற்றையும் குரலே சொல்லிவிடும். வேடமேற்பு ஆட்டத்தில் கதவு திறப்பதுகூட எவரோ சொன்ன ஒரு வரியில் மறைந்திருக்கும். அந்த ஆங்கிலமும் பல இடங்களில் மொழிபெயர்ப்பாளரின் அவசரத்தைக் காட்டும் பழுதான ஆங்கிலம். எட்டாம் வகுப்பு மாணவர் அகராதியோடு அமர்ந்தாலும் கடக்க முடியாத மேடு அது. இவ்வகையில், சண்டை ஆட்டம் தெருவுக்கும் வேடமேற்பு ஆட்டம் ஆங்கிலவழிப் பள்ளிக்கும் என்று ஒரு பிரிவினை தானாகவே நேர்ந்துவிட்டது. இதனைச் சுவை வேறுபாடு என்று எழுதுவது தவறு.

உத்திக் குறிப்பின் நிலையும் இங்கே மாறுகிறது. சண்டை ஆட்டத்தில் குறிப்பு ஆட்டத்தைத் திறந்துவிடுகிறது. வேடமேற்பு ஆட்டத்தில் அது ஆட்டத்தைத் தின்றுவிடவும் கூடும். எல்லா மூலைகளையும் சொல்லிவிடும் வழிகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஆடுபவர் பிறர் போட்ட கோலத்தின்மேல் மாவு தூவுகிறார். ஆனால் வழிகாட்டி இல்லாமல் அறியவே முடியாதபடி சில பொருள்களை ஆட்டமே ஒளித்துவைப்பதும் உண்டு. ‘ஃபைனல் ஃபேன்டசி 9’இல் (2000) எக்ஸ்காலிபர் 2 என்னும் வாளைப் பெற, ஆட்டத்தின் கடைசிப் பகுதியைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அடைந்தாக வேண்டும். இயல்பாக ஆடும் எவரும் அவ்வேகத்தில் செல்லமாட்டார். அதே ஆட்டத்தின் அதிகாரப்பூர்வக் கையேட்டுப் புத்தகமோ பல விவரங்களைச் சொல்லாமல், இணையத்தில் போய்ப் பார்க்கும்படி கூறி வாங்கியவரை ஏமாற்றியது. கதவைப் பூட்டிச் சாவியை விற்கும் இவ்வழக்கத்தை வடிவமைப்பின் ஆழம் என்று புகழ்ந்த மதிப்புரைகளை ஏற்பதற்கில்லை. ‘ஃபைனல் ஃபேன்டசி 7’இன் மட்டீரியா முறை இதற்கு மாறானது. இரண்டு கற்களை இணைத்தால் என்ன நிகழும் என்பதை இணைத்துப் பார்த்தே அறியலாம். முற்ற வளர்ந்த கல் தன்னைப்போல் இன்னொன்றை ஈனும். குறிப்பு வேண்டாதவருக்கு ஆட்டம் தானே ஆசானாகிறது.

ஆட்டுத் தோற்றம்: தால்சிம்

பாவாணர் ஆட்டுத் தோற்றம் என்னும் தலைப்பில் ஓர் ஆட்டு எந்த வாழ்க்கைச் செயலிலிருந்து பிறந்தது என்று வினவுவார். இவ்வினாவைத் திரையில் தோன்றும் ‘இந்திய’ வீரர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இன் தால்சிம் கைகால்களை நீட்டுபவர். வாயால் தீ உமிழ்பவர். கழுத்தில் சிறு மண்டையோடுகள் அணிந்தவர். அவரது களத்தில் யானைகள் நிற்கும். யோகி, பாம்பாட்டி, அரண்மனை எனக் காலனியக் காலப் பயண நூல்களின் எச்சங்கள் அனைத்தும் ஓருருவில் திரண்டவர். இது கேலிச்சித்திரம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் தோற்றத்தோடு நின்றுவிடும் கண்டனம் பாதி மட்டுமே பார்க்கிறது. ஆடு முறையில் தால்சிம் வேறொருவர். மெதுவாக நடப்பவர், நெருங்கிவிட்டால் எளிதில் வீழ்பவர். தொலைவிலிருந்தே எதிராளியின் ஒவ்வோர் அடியையும் முன்னறிந்து தடுக்கும் பொறுமை உடையவருக்கே அவர் கைவசப்படுவார். நீட்டிய கை அடிபடும் கையும் ஆகும். ஆகவே நீட்டுவதற்கு முன் எண்ண வேண்டும். ‘கீழ், கீழ்முன், முன், குத்து’ என்று விரலை வளைத்து அனுப்பும் தீயுருண்டை மெல்லச் செல்லும். அதன் பின்னே நடந்துசென்று எதிராளி குதிக்கும் கணத்துக்குக் காத்திருப்பதே அவரது கலை. உருவம் சொல்லும் கதையை ஆடு முறை மறுக்கிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வரை அவர் நிலைத்திருப்பதற்கு உருவத்தைவிட இந்த ஆடு முறையே காரணம் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. முத்திரையிட்டு ஒதுக்கும் திறனாய்வு இதனைக் காண்பதற்கு ஒரு நூறு சுற்றாவது தால்சிமைக் கையில் எடுத்து ஆடியிருக்க வேண்டும்.

பெயர்களும் பொருள்களும் இவ்வாறே பயணம் செய்துள்ளன. ஃபைனல் ஃபேன்டசி வரிசையில் ‘சிவா’ பனியை ஏவும் பெண். சோல்காலிபரின் வோல்டோ என்னும் இத்தாலியன் இரு கைகளிலும் ஏந்துவது கட்டாரி. தஞ்சைக் கட்டாரிகள் மேலை அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருக்க, அவ்வாயுதத்தின் பிடி முறை ஜப்பானிய ஆட்டமொன்றில் வேற்றுநாட்டவன் கையில் அசைகிறது. மறுபுறம், டெக்கன் 3இல் எடி கோர்டோ வழியாகப் பிரேசிலின் கபோயிரா உலகமெங்கும் அறிமுகமானது. மெய்யான கபோயிரா வல்லுநர் ஒருவரின் அசைவுகள் பதிவுசெய்யப்பட்டு அவ்வீரர் உருவாக்கப்பட்டார். சிலம்பத்தின் வீச்சும் குத்துவரிசையின் அடவும் இதுபோல் முறையாகப் பதிவுசெய்யப்படத் தக்கவை. கம்பின் நீளம் தரும் தொலைவும் சுழற்சிக்குப்பின் வரும் திறப்பும் சண்டை ஆட்டத்தின் இலக்கணத்துக்கு மிக நெருக்கமானவை. சிலம்ப ஆசான்கள் தென்காசி, நெல்லை வட்டாரங்களில் இன்றும் கற்பித்துவருகின்றனர்.

இந்திய முயற்சிகளில் 2009இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த ‘ஹனுமான்: பாய் வாரியர்’ தொன்மத்தை எடுத்துக்கொண்டது, ஆடு முறையில் சொல்லத்தக்கதாக ஒன்றும் செய்யவில்லை. புனேயின் நாடிங் ஹெட்ஸ் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ‘ராஜி’ அதனினும் பல மடங்கு மேலானது. தம்பியைத் தேடும் கழைக்கூத்துப் பெண் தூணில் சுழன்றும் சுவரில் ஓடியும் போரிடுகிறாள். அவளது தொழிலே அவளது சண்டை முறையாகிறது. தோற்றமும் ஆடு முறையும் ஒன்றையொன்று மறுக்காமல் நிற்கும் அரிய இடம் இது. பிற்பகுதியில் எதிரிகள் மாறி மாறி அதே வகையில் வருவது சலிப்பூட்டுகிறது.

வெண்பா

டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலை இறுதியில் நின்டெண்டோ ஸ்விட்ச் உள்ளிட்ட கன்சோல்களில் வெளியிட்ட ‘வெண்பா’ கண்டிப்பான பொருளில் வேடமேற்பு ஆட்ட வகையைச் சேர்ந்ததன்று. புள்ளிகள் இல்லை, சண்டை இல்லை, ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் வேடம் ஏற்றல் என்பதன் பொருளை இதைவிடத் துல்லியமாகக் காட்டிய கன்சோல் ஆட்டம் தமிழ்ச் சூழலில் வேறில்லை. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் இணையரும் அவர்கள் மகன் கவினும் கதைமாந்தர். தாயிடமிருந்து வந்த சமையல் குறிப்பேடு சிதைந்திருக்கிறது. அழிந்த வரிகளை ஊகித்துச் சமைப்பதே ஆட்டம். 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக ஆட்ட விருதையும், தற்சார்பு ஆட்ட விழாவின் சூமஸ் மெக்னாலி பெரும் பரிசையும் அது பெற்றது.

குறிப்பேடு என்பதே ஓர் உத்தித் தொகுப்பு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். தாய் எழுதிய உத்தி, பாதி அழிந்த நிலையில், அதை வாசிக்கத் திணறும் தலைமுறையின் கைக்கு வருகிறது. கவினின் நிலையிலிருந்து ஆடும் பகுதியில் தமிழ் ஆடுபவருக்கே தடையாக்கப்படுகிறது. தமிழறிந்தவர் அந்த இடத்தில் தமக்குத் தெரிந்த மொழியைத் தெரியாதவராக வேடம் ஏற்கிறார். ஃபைனல் ஃபேன்டசி 7இன் ஆங்கிலத்தின்முன் நம் ஊர்ச் சிறுவர் நின்ற நிலையை எதிர்த் திசையிலிருந்து உணர்த்தும் இடம் அது. ஆங்கில மதிப்புரைகள் பெரும்பாலும் புலம்பெயர் உணர்வைப் பாராட்டின. இந்தத் தலைகீழ் மாற்றத்தைச் சுட்ட தமிழ் வாசகரே வேண்டும். குறையும் உண்டு. சமையல் புதிர்கள் எளியவை. தவறினால் இழப்பேதும் இல்லை; உணவு கெட்டுப்போகும் அச்சம் ஆட்டத்தில் இல்லாததால் சமைத்தலின் உள்ளார்ந்த பதற்றம் குறைந்துவிடுகிறது.

முதற் பகுதியில் இட்லித் தட்டுகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பது புதிர். அதற்கு ஆங்கிலத்தில் படங்களுடன் உத்திக் குறிப்புகள் எழுதப்பட்டுள்ளன. இலஞ்சியில் இவ்வாட்டத்தை இக்கட்டுரையாளர் ஆடிக்காட்டியபோது, ஆங்கில வரிகளை வாசிக்காத அம்மா திரையைப் பார்த்த மாத்திரத்தில், “குழிக்கு மேல குழி வந்தா நசுங்கிப் போகும்லா, தட்டைத் திருப்பி வையி” என்றார். பிறகு கன்ட்ரோலரைக் கையில் வாங்கி, எந்தப் பொத்தானை அழுத்தினால் தட்டு திரும்பும் என்று கேட்டார்.